வீட்டுக்கு ஓர் அலங்காரப் பாணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலங்காரப் பாணி என்று எதைத்தான் சொல்கிறோம்?

ஓர் அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் ஒத்துப்போகிறது என்று தோன்றினால், அங்கே சில முடிவுகள் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டிருக்கும். நாற்காலிக் கால், விளக்குத் தண்டு, திரைச்சீலைக் கம்பி மூன்றும் ஒரே கறுப்பு இரும்பாக இருக்கலாம். சோபாவின் கைப்பிடியும் மேசையின் மூலையும் ஒரே மாதிரி வளைந்திருக்கலாம். வந்தவர் இதை எடுத்துச் சொல்லமாட்டார், ஆனால் அவர் கண் பார்த்துவிடும். இப்படித் தொடர்ந்து வரும் முடிவுகளின் தொகுப்பையே பாணி என்கிறோம்.

இந்த முடிவுகள் ஐந்து விஷயங்களைப் பற்றியவை. நிறம், பொருள் (மரம், உலோகம், துணி, கல்), கோடு (நேராகவா, வளைவாகவா), மேற்பரப்பு (மழமழப்பா, சொரசொரப்பா), அடர்த்தி (எவ்வளவு சாமான், எவ்வளவு வெற்றிடம்). ஐந்தில் மூன்றை வீடு முழுக்க மாறாமல் பிடித்துக்கொண்டால் பாணி நின்றுவிடும். மற்ற இரண்டில் அறைக்கு அறை விளையாடலாம். ஐந்தையும் இறுக்கிப் பிடித்தால் வீடு ஷோரூம் மாதிரி ஆகிவிடும். ஐந்தையும் விட்டுவிட்டால், ஒவ்வொரு சாமானும் தனியாக அழகாக இருந்தும் அறை சேராது.

படங்களைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. எனக்கு எது பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிடித்த அறைகளின் படங்களை யோசிக்காமல் 40 வரை சேர்த்து வையுங்கள். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு திறந்து பாதியை நீக்குங்கள். மிஞ்சிய 20 படங்களில் ஒவ்வொன்றுக்கும் கீழே, கண்ணில் படும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். "அமைதியாக இருக்கிறது", "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் அதை வைத்து எதையும் செய்ய முடியாது. "வெளிறிய மரத்தரை", "ஜன்னலுக்கு இருபுறமும் வெறும் சுவர்", "தாழ்வான சோபா" என்று தொட்டுக்காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசியில் எண்ணிப் பாருங்கள். 20 படங்களில் 10-க்கு மேல் எது வந்திருக்கிறதோ அதுதான் உங்கள் ரசனை.

இதில் ஒரு பொறி உண்டு. பல படங்களில் நமக்குப் பிடித்துப்போவது 12 அடி உயரக் கூரையும் சுவர் அளவு ஜன்னலும்தான். அவற்றைக் கடையில் வாங்க முடியாது. அந்தப் படத்தில் இருக்கும் சோபாவையே வாங்கி 9 அடிக் கூரைக்குக் கீழே போட்டால் கட்டாயம் ஏமாற்றமாக இருக்கும். எனவே பட்டியலில் கட்டடத்துக்குச் சொந்தமானதை அடித்துவிடுங்கள்.

மீதியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். உதாரணம்: "வெளிறிய மரம், பால்வெள்ளைச் சுவர், ஒரே ஒரு கடும்பச்சை, நேர்கோடுகள், தரை பாதியாவது தெரிய வேண்டும்." அடுத்து எதை வாங்கப் போனாலும் இந்த வாக்கியத்தோடு ஒத்துப்பார்த்தால் போதும். அரை மணி நேரம் கடைக்காரரோடு பேசுவதைவிட இது வேகமாக முடிவு தரும்.

பெயருள்ள பாணிகளைத் தெரிந்துகொள்வது அவசியமா?

கடையிலும் தச்சரிடமும் பேச அந்தப் பெயர்கள் உதவும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு பாணியும் ஏதோ ஒரு சிக்கலுக்குப் பிறந்த தீர்வு. அந்தச் சிக்கல் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஸ்கேண்டிநேவிய (வட ஐரோப்பிய) பாணியின் வெள்ளைச் சுவரும் வெளிறிய மரமும், பகல் மிகக் குறைவான நீண்ட குளிர்காலத்தில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் சுழற்றிவிடத் தேவைப்பட்டவை. உங்கள் அறையில் நேர் வெயில் கொட்டுகிறது என்றால், அதே வெள்ளைச் சுவரும் பளபளக்கும் தரையும் சேர்ந்து கண்ணைக் கூச வைக்கும். அங்கே அதே பாணியை மணல் நிறத்திலோ சாம்பல் கலந்த பச்சையிலோ செய்ய வேண்டியிருக்கும்.

ஜெர்மனியின் பௌஹாவுஸ் வடிவமைப்புப் பள்ளி 1919-இல் வைமாரில் தொடங்கி 1933-இல் பெர்லினில் மூடப்பட்டது. தொழிற்சாலையில் பெருமளவில் செய்யக்கூடிய எளிய வடிவங்கள் அதன் அக்கறை. எஃகுக் குழாய் நாற்காலியும் வெற்றுப் பரப்பும் அங்கிருந்து வந்தன. ஆர்ட் டெகோ 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயரிலிருந்து வந்தது. பளபளப்பு, படிக்கட்டு வடிவங்கள், கறுப்பும் பொன்னும் அதன் அடையாளம். மிட்-செஞ்சுரி என்பது ஏறத்தாழ 1940-களின் நடுவிலிருந்து 1960-களின் இறுதிவரை. சாய்ந்த ஒல்லிக் கால்களும் தரையைவிட்டு எழும்பிய சாமான்களும் அதன் அடையாளம் என்பதால் சிறிய அறைகளுக்கு நன்றாகப் பொருந்தும். இண்டஸ்ட்ரியல் பாணி, நியூயார்க்கில் காலியாகக் கிடந்த தொழிற்கூடங்களுக்குக் கலைஞர்கள் குடிபோனதில் உருவானது. அங்கே செங்கலும் இரும்புக் குழாயும் ஏற்கெனவே இருந்தன, யாரும் ஒட்டவில்லை. நல்ல பூச்சுச் சுவரின் மேல் செங்கல் படம் போட்ட தாளை ஒட்டும்போது அது ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

தரையும் சமையலறைக் கல்லும் மாற்ற முடியாதவை. பிடிக்கவும் இல்லை. என்ன செய்வது?

அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாற்ற முடியாததை மறந்துவிட்டு நிறம் தேர்ந்தெடுப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு.

ஒவ்வொரு தரைக்கும் ஓர் அடிநிறம் உண்டு. சாம்பல் டைல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பார்த்தால் வெறும் சாம்பல்தான். அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பகல் வெளிச்சத்தில் இரண்டும் சேரும் விளிம்பை மட்டும் உற்றுப் பாருங்கள். சில நொடிகளில் சாம்பல் பிரிந்து வரும்: லேசான இளஞ்சிவப்பு, அல்லது பச்சை, அல்லது நீலம். இளஞ்சிவப்பு அடிநிறம் உள்ள டைல்ஸுக்கு மேல் மஞ்சள் கலந்த க்ரீம் சுவர் வைத்தால் தரை அழுக்காகவும் சுவர் பழுப்பேறியதாகவும் தெரியும். இரண்டிலும் தவறில்லை, ஜோடிதான் தவறு. அதே தரைக்கு மேல் துளி சிவப்பு கலந்த வெள்ளையோ மண் நிறமோ வந்தால் தரை உடனே வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது போல ஆகிவிடும்.

பிடிக்காத ஒன்றின் பக்கத்தில் வைக்கும் நிறம் இரண்டு விதமாக வேலை செய்யும். அதன் நிறத்துக்கு நெருக்கமானதைச் சுற்றி வைத்தால் அது கரைந்துபோகும். கடும் வேறுபாடு உள்ள நிறத்தை வைத்தால் அது இன்னும் துருத்திக்கொண்டு வரும். பலர் பிடிக்காத பழுப்பு டைல்ஸுக்குப் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளை அடித்து, பழுப்பை இன்னும் பெரிதாகக் காட்டிவிடுகிறார்கள்.

எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும்?

தரை மற்றும் மாற்ற முடியாதவை, அறையின் பயன்பாடும் சாமான்களின் இடமும், மின்விளக்குப் புள்ளிகள், பெரிய சாமான்கள், துணிகள், கடைசியாகச் சுவர் நிறம். வேலை நடக்கும் வரிசை இதற்கு வேறு, பெயின்ட் முன்னாலேயே அடித்தாக வேண்டும். முடிவு மட்டும் கடைசியில்.

காரணம் எளிது. பெயின்ட் ஆயிரக்கணக்கான ஷேடுகளில் கிடைக்கும். பிடித்த சோபாத் துணி எட்டு நிறத்தில் கிடைத்தால் பெரிது. ஆயிரத்திலிருந்து எட்டுக்குப் பொருத்தம் தேடலாம், எட்டிலிருந்து ஆயிரத்துக்குத் தேட முடியாது. சுவரை முதலில் முடிவு செய்துவிட்டுத் துணி தேடி அலைபவர்கள் கடைசியில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று மங்கிய பழுப்புத் துணியை எடுத்து வருகிறார்கள்.

மின்விளக்கு இடங்களைச் சாமான்களுக்கு முன்பே யோசித்துவிட்டு பிறகு சாமான்களை மாற்றினால், சுவரில் விளக்கு ஓரிடத்திலும் நாற்காலி வேறிடத்திலும் நிற்கும். ஆகவே தரையில் மாஸ்கிங் டேப்பால் சோபா, மேசை, அலமாரி எல்லாவற்றின் உண்மையான அளவையும் ஒட்டுங்கள். இரண்டு நாள் அவற்றைச் சுற்றி நடந்து பாருங்கள். கதவு திறக்கும் வட்டத்தையும் அலமாரிக் கதவின் வட்டத்தையும் மறக்காமல் ஒட்ட வேண்டும்.

எத்தனை நிறம், எந்த அளவில்?

60–30–10 என்ற கணக்கு நல்ல தொடக்கம். அறையில் கண்ணுக்குத் தெரிவதில் 60 சதவீதம் ஒரு நிறம் (சுவர், பெரிய விரிப்பு), 30 சதவீதம் இரண்டாவது (சோபா, திரைச்சீலை, அலமாரி), 10 சதவீதம் மூன்றாவது (மெத்தை உறை, விளக்குக் கூடு, ஒரு நாற்காலி). மூன்றாவது நிறம் அறையில் குறைந்தது மூன்று இடத்தில் வர வேண்டும். ஒரே ஒரு சிவப்புத் தலையணை தனியாகக் கிடந்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருக்கும்.

ஆனால் எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு வெளிறியது, எவ்வளவு அடர்ந்தது என்பதுதான் அறையைத் தீர்மானிக்கிறது. கைபேசியில் அறையைப் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முழுவதும் ஒரே நடுச் சாம்பலாகத் தெரிந்தால், நீங்கள் ஏழு நிறம் வைத்திருந்தாலும் அறை சோர்வாகத்தான் இருக்கும். வெளிறியது, நடுத்தரம், அடர்த்தி மூன்றும் படத்தில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கறுப்போ கறுப்புக்கு நெருங்கியதோ ஒரு துளியாவது இருப்பது நல்லது. ஒரு படச்சட்டம், ஒரு விளக்குத் தண்டு போதும்.

ஷேட் கார்டில் அழகாக இருந்த நிறம் சுவரில் வேறாகத் தெரிகிறதே, ஏன்?

காரணம் ஒன்றில்லை, நான்கு.

முதலாவது, அளவு. விரல் அகலத் துண்டில் பார்த்த நிறம் நான்கு சுவரிலும் வரும்போது ஒரு சுவரின் ஒளி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, நிறம் தன்மேல் தானே ஏறிக்கொள்கிறது. மஞ்சளிலும் இளஞ்சிவப்பிலும் இது மிக அதிகம். கார்டில் பிடித்த மஞ்சளைவிட இரண்டு படி சாம்பல் கலந்ததை எடுத்தால்தான் சுவரில் நீங்கள் நினைத்தது வரும்.

இரண்டாவது, வெளிச்சம். நேர் வெயில் படாத அறையில் வானத்தின் நீல ஒளிதான் உள்ளே வருகிறது. அங்கே சாம்பல் நீலமாகும், தூய வெள்ளை குளிர்ந்து போகும். வெளியே மரங்கள் நெருக்கமாக இருந்தால் பச்சை உள்ளே வந்து சேரும்.

மூன்றாவது, பக்கத்து நிறம். பாரிஸில் கோப்லன் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை மிஷேல் செவ்ருல் என்ற வேதியியலாளர் கவனித்துவந்தார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839-இல் அவர் வெளியிட்ட விதி இன்றும் சுவரில் வேலை செய்கிறது: ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதைத் தனக்கு எதிர்நிறத்தை நோக்கித் தள்ளும். பழைய பச்சைச் சுவரில் நடுவே புதுச் சாம்பலைத் தடவிப் பார்த்தால் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். வீடு முழுக்க அடித்த பிறகு அந்த இளஞ்சிவப்பு காணாமல் போகும்.

நான்காவது, ஈரம். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) காய்ந்ததும் பொதுவாக ஒரு படி அடர்ந்துவிடும். அடிக்கும்போதே பார்த்துப் பதறிக் கலவையை மாற்றச் சொல்லாதீர்கள்.

ஆகவே சோதனையைப் பலகையில் செய்யுங்கள். 2 அடிக்கு 2 அடி அட்டை அல்லது ப்ளைவுட், ஒரு கோட் ப்ரைமர், இரண்டு கோட் பெயின்ட், விளிம்பில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு. ஒரு நாள் காயட்டும். பிறகு சோபாவுக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு எதிரில், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே என்று நான்கு இடத்தில் நிறுத்தி, காலை, மதியம், விளக்குப் போட்ட பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். எந்த வேளை அந்த அறையில் அதிகம் இருப்பீர்களோ அந்த வேளைக்கு ஓட்டுப் போடுங்கள்.

எவ்வளவு பெயின்ட் வேண்டும்? மேட்டா, பளபளப்பா?

12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 9½ அடி என்றால் சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 418 சதுர அடி. ஒரு கதவும் ஒரு ஜன்னலும் கழித்தால் சுமார் 380. இரண்டு கோட்டுக்கு 760 சதுர அடி. ப்ரைமர் அடித்த மழமழப்பான சுவரில் ஒரு லிட்டர் சுமார் 100 முதல் 120 சதுர அடி போகும் என்பதால் 7 லிட்டரைச் சுற்றி வரும். அரை லிட்டர் கூடுதலாக வாங்கி மூடி வையுங்கள், பின்னால் கீறல் தொட்டுவிட உதவும். ஒரே சுவரில் இரண்டு டப்பா பயன்படுத்த நேர்ந்தால் இரண்டையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொண்டே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் நிற மாற்றம் தெரியும்.

பளபளப்பு கூடக் கூடக் கழுவ எளிது, சுவரின் மேடுபள்ளமும் அதே அளவு வெளியே வரும். ஜன்னல் ஒளி பக்கவாட்டில் வழுக்கிப் போகும் சுவரில் சாட்டின் (லேசான பளபளப்புள்ள பெயின்ட்) அடித்தால் ஒவ்வொரு புட்டித் திட்டும் தெரியும், அங்கே மேட். கைபடும் நடைபாதை, குளியலறை, சமையலறைச் சுவருக்கு சாட்டின். கூரைக்கு எப்போதும் மேட்.

புதுப் பூச்சுச் சுவரென்றால் நான்கு வாரமாவது காய விடுங்கள். அவசரப்பட்டு அடித்தால் உள்ளே இருக்கும் ஈரமும் காரமும் வெள்ளையாகப் பூத்து வரும், நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும்.

விளக்கில் என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல நிறமும் நல்ல சாமானும் சேர்ந்தும் அறை தட்டையாக இருந்தால், பெரும்பாலும் கூரை நடுவில் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேலிருந்து ஒரே இடத்தில் விழும் வெளிச்சம் முகத்தில் நிழல் போடும், மூலைகளை இருட்டாக்கும், துணியின் நெசவையும் மரத்தின் ரேகையையும் அழித்துவிடும். அலங்காரத்துக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அதை விளக்கில் செய்யுங்கள்.

மூன்று உயரத்தில் ஒளி வேண்டும்: கூரையிலிருந்து பொதுவாக, உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் மேசை விளக்காக, ஏதாவது ஒரு சுவரையோ படத்தையோ கழுவிவிடுவது போல. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச்.

கணக்கு இப்படி. மேலே சொன்ன 120 சதுர அடி அறை சுமார் 11 சதுர மீட்டர். உட்கார்ந்து பேசும் அறைக்குச் சதுர மீட்டருக்கு 150 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) என்றால் 1,650. சுவரும் விளக்குக் கூடும் கொஞ்சம் விழுங்கும் என்பதால் 2,200 முதல் 2,500 லூமன் வரை வைத்து, அதை மூன்று நான்கு விளக்குகளாகப் பிரியுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ஏறத்தாழ 800 முதல் 900 லூமன் தரும். படிக்கும் இடத்திலும் சமையல் மேடையிலும் மட்டும் 500 லக்ஸ் (சதுர மீட்டருக்கு 500 லூமன்) வரை தேவை.

பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின்: 2700 முதல் 3000 வரை மஞ்சள் சார்ந்த இதமான ஒளி, 4000 நடுநிலை, 6500 நீலம் சார்ந்த வெண்மை. ஒரே அறையில் 3000-ஐயும் 6500-ஐயும் கலக்காதீர்கள், ஒரு பாதி அறை நோய்ப்பட்டது போலத் தெரியும். இன்னொன்று சி.ஆர்.ஐ. எனப்படும் நிற உண்மை அளவு. 90-க்கு மேல் நல்லது, 80-க்குக் கீழ் வேண்டாம். அது குறைந்தால் சிவப்பும் மரமும் தோலின் நிறமும் வெளிறிப்போகும். அப்போது குற்றம் பெயின்ட் மேல் விழும்.

சாமான்களுக்கு இடையே எவ்வளவு இடம் விட வேண்டும்?

நடக்கும் வழிக்கு 30 முதல் 36 அங்குலம். சோபாவுக்கும் முன் மேசைக்கும் நடுவே 16 அங்குலம் அளவு. அதைவிடக் கூடினால் எட்டாது, குறைந்தால் முழங்கால் இடிக்கும். முன் மேசையின் உயரம் சோபா இருக்கைக்குச் சமமாகவோ இரண்டு அங்குலம் குறைவாகவோ இருக்கட்டும், நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. சாப்பாட்டு மேசை விளிம்பிலிருந்து சுவர்வரை 36 அங்குலம் இருந்தால்தான் நாற்காலியை இழுத்து எழுந்திருக்க முடியும். ஒருவருக்கு மேசையில் 24 அங்குல அகலம். மேசைக்கு மேல் தொங்கும் விளக்கின் அடிப்பகுதி மேசைப் பரப்பிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில்.

எல்லாச் சாமானையும் சுவரோடு ஒட்டி நடுவில் மைதானம் விடுவது அறையைப் பெரிதாக்காது. சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்துப் பாருங்கள், பின்னால் விழும் நிழலில் அறைக்கு ஆழம் வரும்.

தரைவிரிப்பு, திரைச்சீலை, சுவர்ப்படம் மூன்றிலும் எப்போதும் ஏதோ தவறாகிறது.

மூன்றிலும் நடக்கும் தவறு இரண்டில் ஒன்றுதான்: சிறிதாக வாங்குவது, அல்லது தவறான உயரத்தில் மாட்டுவது.

விரிப்பு, சோபா நாற்காலிகளின் முன்கால்களாவது ஏறி நிற்கும் அளவு இருக்க வேண்டும். நடுவில் மேசைக்கு அடியில் மட்டும் கிடக்கும் சின்ன விரிப்பு தீவு மாதிரி மிதக்கும். சுற்றிலும் 8 முதல் 18 அங்குலம் தரை தெரியலாம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போடுவதென்றால் மேசையின் நான்கு பக்கமும் 24 அங்குலம் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலியின் பின்கால் ஒவ்வொரு முறையும் விளிம்பில் சிக்கும்.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு 4 முதல் 6 அங்குலம் மேலே, இருபுறமும் 8 முதல் 12 அங்குலம் நீட்டி மாட்டுங்கள். திறக்கும்போது துணி சுவர்மேல் ஒதுங்கி, கண்ணாடி முழுவதும் வெளிச்சத்துக்குக் கிடைக்கும். துணி அகலம் கம்பி நீளத்தைப் போல 2 முதல் 2½ மடங்கு. 1½ மடங்கில் தைத்தால் மூடும்போது மடிப்பே இருக்காது, படுக்கை விரிப்பைக் கட்டியது போல இருக்கும். தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்கட்டும். பருத்தியும் லினனும் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 9 அடித் திரையில் அது ஐந்து அங்குலம் வரை போய்விடும். வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்துக் காய வைத்துவிடுங்கள், அல்லது கீழ் மடிப்பில் 6 அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். சோபாவுக்கு மேலென்றால் சோபா முதுகிலிருந்து 6 முதல் 8 அங்குலம் விட்டு, படம் (அல்லது படங்களின் கூட்டம்) சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பல படங்களை மாட்டும்போது செய்தித்தாளை ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் வெட்டி டேப்பால் சுவரில் ஒட்டி நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். சரியானதும் தாள் வழியாகவே ஆணியடித்துத் தாளைக் கிழித்துவிடலாம். சட்டங்களுக்கு இடையே 2 முதல் 3 அங்குலம், எல்லா இடத்திலும் ஒரே அளவு.

இரண்டு பாணிகளைக் கலக்கலாமா?

தாராளமாக. ஒன்றுக்கு எண்பது பங்கு, மற்றதற்கு இருபது. பாதிக்குப் பாதி வைத்தால் வீடு பாதியில் நின்ற குடிமாற்றம் போல இருக்கும். கலப்பவற்றுக்குப் பொதுவாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே வளைவு. வளைத்த மரத்தில் செய்த பழைய காபிக்கடை நாற்காலியைப் பார்த்திருப்பீர்கள். தோனெட் என்ற நாற்காலி நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி அது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். கூடுதல் அலங்காரம் எதுவும் இல்லாததால், அது எஃகு மேசைக்குப் பக்கத்திலும் நிற்கும், செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய மேசைக்குப் பக்கத்திலும் நிற்கும். கலவையில் இப்படி எங்கும் ஒத்துப்போகும் எளிய சாமான் இரண்டு மூன்று இருந்தால் மற்றவை சமாதானமாகிவிடும்.

மரங்களை ஒரே நிறத்தில் தேடி அலைய வேண்டாம். கொஞ்சம்தான் வேறுபட்டால் பொருத்தம் தவறியது போலத் தெரியும். நன்றாகவே வேறுபட்டால் தெரிந்து செய்தது போல இருக்கும். அடிநிறம் மட்டும் ஒத்திருக்கட்டும், செம்மை சார்ந்ததோடு செம்மை, மஞ்சள் சார்ந்ததோடு மஞ்சள். உலோகத்திலும் ஓர் அறைக்கு இரண்டு போதும், ஒன்று அதிகம், ஒன்று குறைவு.

வீட்டில் இருவருக்கு இரண்டு ரசனை. எப்படி ஒத்துப்போவது?

20 படப் பயிற்சியை இருவரும் தனித்தனியாகச் செய்யுங்கள். பாணிப் பெயரில் சண்டை போடுபவர்கள்கூடப் பட்டியலில் நாலைந்து வரிகளில் சேர்ந்துவிடுவார்கள். அந்தப் பொது வரிகள் பொது அறைக்கு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்கக் கூடாது. வேறுபடுவதை அலமாரியின் உட்புறம், படிக்கும் மூலை, படுக்கையின் தன் பக்கம் ஆகியவற்றில் வைத்துக்கொள்ளலாம்.

சிறிய அறைக்கு வெள்ளை அடித்தால் பெரிதாகத் தெரியுமா?

வெளிச்சம் நிறைய வந்தால் தெரியும். வெளிச்சமே இல்லாத சின்ன அறையில் வெள்ளை வெறும் சாம்பல் நிழலாகிவிடும். அங்கே அடர்ந்த நிறத்தைச் சுவர், கதவு, சட்டம், கூரைவரை ஒரே நிறமாக அடித்தால் மூலைகள் மறைந்து எல்லை தெரியாமல் போகும், அதனால் அறை நெருக்கமாகத் தெரியாது. சின்ன அறையைச் சின்னதாகக் காட்டுவது நிறத்தைவிட, இடையில் அறுந்துபோகும் கோடுகள்தான்: பாதிச் சுவருக்கு நிற்கும் அலமாரி, ஜன்னலோடு நிற்கும் திரை, ஐந்தாறு சின்னச் சாமான்கள். ஒரு பெரிய சாமான் ஐந்து சிறியதைவிடக் குறைந்த இடத்தைத்தான் கண்ணுக்குக் காட்டும்.

வாடகை வீட்டில் ஆணியே அடிக்கக் கூடாது. அப்போதும் பாணி சாத்தியமா?

சாத்தியம். விளக்கு, விரிப்பு, திரை, பெரிய செடி நான்கும் உங்களுடன் வந்துவிடும். பணத்தை அவற்றில் போடுங்கள். படங்களை மாட்டாமல் தாழ்வான அலமாரியின் மேல் சாய்த்து, ஒன்றை ஒன்று சற்று மறைப்பது போல வையுங்கள். ஒட்டும் கொக்கிகளை, சுவர் மேட் பெயின்ட் என்றால் மறைவான இடத்தில் ஒரு வாரம் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பலவீனமான பூச்சு பசையோடு உரிந்து வரும்.

எல்லாம் செய்தாகிவிட்டது. ஏதோ இடிக்கிறது, எது என்று தெரியவில்லை.

அறை வாசலில் நின்று ஒரு படமெடுங்கள், அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சாமான்களின் பெயர் மறந்து வெறும் கனங்களாகத் தெரியும். கனமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு பெரிய சாமானையோ உயரமான விளக்கையோ எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். எல்லாச் சாமானும் ஒரே உயரத்தில் வேலி போல நின்றால் ஒன்றையாவது உயர்த்துங்கள். எல்லாமே மழமழப்பாக இருந்தால் கம்பளி, சணல், கோரை என்று சொரசொரப்பான ஏதாவது ஒன்று வேண்டும்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால், சிறு பொருட்கள் அத்தனையையும் ஒரு பெட்டியில் போட்டு வேறு அறையில் வையுங்கள். வெறும் சாமானும் வெளிச்சமுமாக மூன்று நாள் போகட்டும். பிறகு ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் எடுத்து வையுங்கள். எதை வைத்தபோது பழைய உறுத்தல் திரும்பி வந்ததோ அதோடு நிறுத்தி, அதைப் பெட்டிக்கே திருப்பிவிடுங்கள்.